மேட்டுப் பக்கத்துக் கொக்கி

அப்துல் சலாம் மலையை விட்டு இறங்கிய நாள் சோளக்காட்டுச் சந்தை நாள். சித்திரபானு வருஷத்துக் கார்த்திகை மாதம். ஊர்ச் சனமெல்லாம் மிளகு மூட்டையும் வாழைத்தாருமாகச் சந்தைக்கு நடந்துகொண்டிருக்க, அவர் மட்டும் கொல்லுவேலைத் துருத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு காரவள்ளி இறக்கத்தைப் பார்த்து நடந்தார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அடிவாரத்திலிருந்து சேதி வந்திருந்தது. துப்பாக்கி பிடிக்க அல்ல. சண்டை நடக்கிற திக்கில், குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் தீவனம் சேர்த்து வைக்கிற டிப்போ ஒன்றில், புல் அமுக்குகிற மெசின்களைப் பழுது பார்க்க.

ஊர்ப் புல் மெசினில் அவருக்குக் கையாளாக இருந்த மாதம்மாள் இறக்கம் தொடங்கும் பாறை வரைக்கும் கூடவே போனாள்.

"நம்ம மெசின் கொக்கி ஏன் பாய் முறியுது?" என்றாள். வழியனுப்ப வந்தவள் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவள் வாயில் வேறெதுவும் வரவில்லை.

சலாம் சிரித்துவிட்டார். "தெரிஞ்சா நான் ஏன் அம்மிணி அடிக்கடி மலையேறி வந்து முழங்காலத் தேச்சுக்கறேன்? இரும்பு சரியில்ல. அவ்வளவுதான்."

"இரும்பு சரியில்லீன்னா ரெண்டு பக்கமும் முறியோணுமில்ல? மேட்டுப் பக்கம் மட்டும் என்னத்துக்கு முறியுது?"

"அதுக்கு மேட்டுல நிக்கப் பிடிக்கல போல."

சுத்தியலையும் ஒரு ஸ்பேனரையும், மிச்சமிருந்த கொக்கிகளை முடிந்துவைத்த சாக்குத் துணியையும் அவளிடம் கொடுத்தார். "காண்ட்ராக்டர் ஆளுகிட்டச் சொல்லிட்டேன். இனி மெசினுக்கு நீதான்" என்றார். பாறையைத் தாண்டி ஒரு வளைவு, அப்புறம் மரங்கள். துருத்தியின் தோல் மட்டும் இலைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் தெரிந்து, பிறகு அதுவும் மறைந்தது.

அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அந்த மெசின் எடப்புளி நாட்டுக்கு வந்து சேர்ந்த கதை தனி. காட்டுப் புல்லை உதிரியாகக் கழுதை மேல் ஏற்றினால் பாதி வழியில் காற்றும் முள்ளும் பங்கு கேட்கும். அமுக்கிக் கட்டினால் ஒரு கழுதை, நாலு பேர் தலைச்சுமையைக் கொண்டுபோகும். அதனால் பட்டாளத்துக்குப் புல் கொடுக்க ஒப்புக்கொண்ட காண்ட்ராக்டர், எந்தக் காலத்திலோ செய்த பழைய மெசின் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி, துண்டு துண்டாகக் கழற்றி, ஆள் தோளில் ஏற்றி அனுப்பினார். சரிவில் ஒரு மேடை வெட்டி அதை நிறுத்தினார்கள். ஆளுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, மேல்வாய் திறந்தது. வாய்க்கு மேலே ஓர் இரும்புப் பலகை. பலகையின் இரண்டு பக்கமும் கொக்கி, கொக்கியில் சங்கிலி. சங்கிலிகள் இரண்டும் பெட்டிக்கு அடியில் இருக்கிற ஒரே உருளையில் சுற்றும். நீளத் தடியைப் போட்டு உருளையைத் திருகினால் பலகை இறங்கி, புல்லைப் பெட்டிக்குள் நெரிக்கும். மேட்டுப் பக்கம் ஒரு பரண். பெண்கள் அதன் மேல் நின்று புல்லைப் பிடி பிடியாகப் பெட்டிக்குள் அடுக்குவார்கள்.

மாதம்மாளை முதலில் உருளைக்கு ஆமணக்கெண்ணெய் போடத்தான் வைத்தார்கள். அவளோ எண்ணெயோடு நிற்கவில்லை. சலாம் எதையாவது கழற்றினால் பக்கத்தில் குந்திக்கொள்வாள். அவர் பேச்சுக்காரரல்ல. இவள் கேட்டுக் கேட்டு அவர் வாயைத் திறக்க வைத்தாள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மெசினை முழுசாகக் கழற்றிப் பூட்ட அவளுக்குக் கை வந்துவிட்டது.

கேள்வி கேட்பதுதான் அவளுடைய நோய் என்று அவள் புருஷன் வீட்டில் சொல்வார்கள். பெரக்கரை நாட்டில் நல்ல இடத்தில்தான் கட்டிக் கொடுத்தார்கள். அடி, உதை ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் பிறந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டாள். "அந்த ஊட்டுல ஒண்ணு கேட்டா ஒரு கோழிகூடப் பதில் சொல்லாதுங்க" என்று ஊர்க்கூட்டத்தில் அவள் சொன்னபோது கூட்டமே சிரித்தது. ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி சிரிக்கவில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவே மனஸ்தாபம் வரக்கூடாது என்பது அவர் கவலை. கடைசியில் அவர் சொன்ன தீர்ப்பு இது: "புள்ள தன் கையால சம்பாரிச்சுத் திங்கிறா. மெசின் இந்த மண்ணுல இருக்கிற வரைக்கும் அவ இங்க இருக்கட்டும். மெசின் போனா, அவளும் பெரக்கரைக்குப் போகோணும்."

ஆக, ஒவ்வொரு முறை கொக்கி முறிந்தபோதும் மாதம்மாளுக்கு உள்ளே ஒன்று முறிந்தது. கொக்கிக்காகத் திரும்பத் திரும்ப வேலை நின்றால் காண்ட்ராக்டர் மெசினைக் கழற்றி வேறு மலைக்குக் கொண்டுபோய்விடுவார். அப்படி ஒரு பேச்சு ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருந்தது.

சலாம் போன மறுநாளே அவள் ஆராய்ச்சியைத் தொடங்கினாள். முதலில் சங்கிலி மேல் சந்தேகம். மேட்டுச் சங்கிலியைப் பள்ளத்துக்கும், பள்ளத்துச் சங்கிலியை மேட்டுக்கும் மாற்றிப் பூட்டினாள். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு படீரென்று மேட்டுப் பக்கமே முறிந்தது. அடுத்து, நிலம் சாய்ந்திருக்கிறதோ என்று தோன்றியது. ஒரு அகலத் தட்டத்தில் தண்ணீர் ஊற்றிப் பெட்டியின் அடிச்சட்டத்தில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் ஒரு நூல் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது. அகப்பட்டாயா என்று குதித்துக்கொண்டு, ஆட்களை வைத்து நெம்பி, கீழே கல் கொடுத்துச் சமன் செய்தாள். தண்ணீர் அசையாமல் நின்றது. கொக்கி மட்டும் நிற்கவில்லை.

அவள் தம்பி செங்கோடன்தான் தடி போடுகிற ஆள். "அக்கா, நீ தட்டத்துல தண்ணி வெச்சுக் கும்பிடறதப் பாத்து மெசினுக்குச் சாமி வந்துருச்சு" என்று கிண்டல் செய்தான்.

"உனக்குத்தான் வாய் சாஸ்தி. தடியப் புடி."

அவன் தடியைப் பிடித்தான். அன்று புல் நன்றாகக் காய்ந்திருந்தது. பலகை பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. கொக்கி முறிந்து சங்கிலி சாட்டையாக மேலே எகிறியது. செங்கோடன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தபோது விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. முன்பற்கள் இரண்டு போயிருந்தன. இன்னும் ஒரு சாண் தள்ளி அடித்திருந்தால் கண்.

அன்று சாயங்காலமே அர்த்தனாரி வந்தார். முறிந்த கொக்கியைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"மாதம்மா, நான் உம்மேல கோவத்துல சொல்லல கண்ணு. பல்லு போச்சு. அடுத்தது உசுரு போனா ஆரு பதில் சொல்றது? இன்னொரு தடவ முறிஞ்சா, மெசினக் கழட்டிக் கீழ எறக்கிருவோம். காண்ட்ராக்டர் ஆளுகிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏன் முறியுதுன்னு தெரிஞ்சுக்காம எறக்கினா, அது போற எடத்துலயும் ஒருத்தன் பல்லு போகுமுங்க."

"அது அந்த ஊர்க்கவுண்டன் பாடு."

சாக்குத் துணியில் கடைசியாக ஒரே ஒரு கொக்கி இருந்தது. அதைப் பூட்டாமல், பழுது பார்க்கிறேன் பழுது பார்க்கிறேன் என்று நாளைக் கடத்தினாள். செங்கோடன் வாய் வீக்கத்தோடு கஞ்சி குடித்துக்கொண்டே, "இப்பத்தான் அக்கா நல்லா சீட்டி வருது" என்று பல் போன சந்து வழியாக ஊதிக் காட்டினான். அவளால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

துப்புக் கிடைத்தது கழுதையிடமிருந்து.

ஏற்கெனவே கட்டி வைத்த புல்கட்டுகளை ஏற்றிப்போகக் கழுதைக்காரச் சின்னுசாமி வந்திருந்தான். முதுகின் இரு பக்கமும் ஒவ்வொரு கட்டு. அவன் ஒரு கட்டை ஏற்றினான், மற்றதை ஏற்றும்போது திருப்பிப் போட்டான். பிறகு நகர்ந்து நின்று பார்த்து, மறுபடி திருப்பினான்.

"என்னத்துக்கு இந்தப் பொரட்டு?" என்றாள் மாதம்மாள்.

"உங்க கட்டு ஒரு பக்கம் கனம். எடுத்த எடுப்புல கட்டினா கழுதை கோணிக்கிட்டே நடக்கும். எறக்கத்துல அப்படி ஒண்ணு உருண்டே போச்சு. கனத்த பக்கம் ரெண்டும் உள்ள பாத்து வரோணும். அதான் பொரட்டறேன்."

"எல்லாக் கட்டும் அப்படித்தானா?"

"எல்லாமேதான். ஏன், உனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே" என்றான் சின்னுசாமி. ஊருக்கு என்றால் கழுதை ஓட்டுகிறவர்கள் ஊருக்கு.

அவள் ஒரு கட்டை எடுத்து, நடு அளந்து, கிடையாகப் போட்டிருந்த ஒரு மரத்தின் மேல் வைத்தாள். கட்டு ஒரு பக்கம் பொத்தென்று சாய்ந்தது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் அப்படியே. சின்னுசாமி கத்தக் கத்த ஒரு கட்டின் கம்பியை வெட்டிப் பிரித்தாள். உள்ளே புல் கூரைக்கு வைத்த மாதிரி அழகாக அடுக்கியிருந்தது. அடித்தூரெல்லாம் ஒரு பக்கம், நுனித்தலையெல்லாம் ஒரு பக்கம். தூரைக் கையில் நெரித்துப் பார்த்தாள். குச்சி குச்சியாக எதிர்த்து நின்றது. தலையை நெரித்தாள்; பஞ்சு மாதிரி அடங்கியது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பரணில் நிற்கிற பெண்கள் தூரைத் தம் பக்கம் வைத்துத்தான் அடுக்குகிறார்கள். பரண் இருப்பது மேட்டுப் பக்கம். பலகை இறங்கும்போது பள்ளத்துப் பக்கம் தலைப்புல் சும்மா அடங்கிக் கொடுக்கிறது. மேட்டுப் பக்கம் தூர்க்குச்சி கட்டாந்தரையாக நிற்கிறது. இழுப்பு முழுவதும் மேட்டுக் கொக்கியின் தலையில் விழுகிறது. இரும்பு சரியில்லை என்று அந்த மனுஷன் எத்தனை கொக்கி அடித்தார்! இரும்பு பாவம், அது என்ன செய்யும்?

தூரையும் தலையையும் மாற்றி மாற்றி வைத்தால் தீர்ந்தது. பொன்னாயி வீட்டுக்கு ஓடினாள். பரண் வேலைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் பொன்னாயிதான் தலைவி. அவள் சொன்னால் மற்றவர்கள் செய்வார்கள்.

பொன்னாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, ஆருக்குடி பாடை கட்டச் சொல்ற?"

மாதம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் புல்லைத் தூரும் தலையுமாக மாற்றி வைப்பது ஒரே ஒரு காரியத்துக்கு. செத்தவரைக் கிடத்துகிற பாடைக்குத்தான் அப்படிப் பரப்புவார்கள். கூரைக்கானாலும் கட்டுத்தறிக்கானாலும், புல் வைக்கிறவள் தூரைத் தன் பக்கம் வைத்துத் தலையை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். நடக்கத் தெரிகிற குழந்தைகூட அப்படித்தான் வைக்கும்.

"இது கழுதை திங்கிற புல்லு அக்கா. இதுக்கு என்ன பாடை?"

"கழுதைக்கா இருந்தா என்ன, கை என்னுதுதான? எம்புருசன் கல்லாட்டம் இருக்கான், நாலு புள்ள இருக்குது. எங்கையால மாத்தி வெக்க மாட்டேன். வேற எவளும் வெக்க மாட்டா."

"செங்கோடன் பல்லு போச்சு. நான் பெரக்கரைக்குப் போகோணும். அது பரவால்லயா?"

பொன்னாயியின் முகம் இளகியது. ஆனால் கை இளகவில்லை. "அதுக்கு வேற வழி பாருடி சாமி. இது வேண்டாம்."

மறுநாள் இருவரும் மெசினடியில் நின்று திரும்பவும் மல்லுக்கட்டினார்கள். பொன்னாயி பரணில். மாதம்மாள் எதிரே, பள்ளத்துப் பக்கம், ஒரு மரத்துண்டின் மேல் ஏறிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி.

"இங்க பாருக்கா, நீ ஒரு பிடி வெச்சிருக்க. இப்ப நான் ஒரு பிடி வெக்கறேன். இதுல ஆரு சாகப் போறா?" என்று சொல்லிக்கொண்டே வேகமாக ஒரு பிடியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

பொன்னாயி குனிந்து அவள் கையையே பார்த்தாள். "சரியாத்தானடி வெச்சிருக்க. தூரு உம்பக்கம்தான இருக்குது? அப்பறம் எதுக்கு இந்தச் சண்டை?"

மாதம்மாள் தன் கையைப் பார்த்தாள். மாற்றி வைத்துக் காட்டத்தான் எடுத்தாள். பழக்கம், கை தானாகத் தூரைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டது. பொன்னாயியின் தூர் பொன்னாயி பக்கம். இவள் தூர் இவள் பக்கம். பெட்டிக்குள்ளோ, இரண்டு பிடியும் எதிரெதிராகக் கிடந்தன.

"அக்கா," என்றாள் மெதுவாக. "இன்னொரு பிடி வை. உன் வழக்கப்படியே வை."

பொன்னாயி வைத்தாள். மாதம்மாள் ஒன்று வைத்தாள். நான்காம் பிடிக்குப் பொன்னாயிக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "அடி களவாணி! ஆருமே மாத்தி வெக்கல. ஆனா மாறிப்போச்சே!"

அன்றே செங்கோடனும் இன்னும் சிலரும் பள்ளத்துப் பக்கம் இரண்டாவது பரண் கட்டினார்கள். சரிவில் கால் ஊன்ற இடமில்லாமல் மூங்கிலை நீளமாக விட வேண்டியிருந்தது. எதற்கு இன்னொரு பரண் என்று கேட்டவர்களிடம் செங்கோடன், "எங்கக்காளுக்கு மச்சு ஊடு கட்டறேன்" என்றான்.

சோதனை நாளன்று அர்த்தனாரி வந்தார். காண்ட்ராக்டர் ஆளும் வந்திருந்தான். முறிந்தால் கழற்றிக் கொண்டுபோக ஆட்களையும் கூட்டி வந்திருந்தான். மாதம்மாள் கடைசிக் கொக்கியை மேட்டுப் பக்கம் பூட்டினாள். மேட்டுப் பரணில் பொன்னாயியும் இரண்டு பெண்களும், பள்ளத்துப் பரணில் மூன்று பெண்கள். எதிரெதிரே பார்த்துக்கொண்டு பிடி பிடியாக அடுக்கினார்கள். ஒருத்தி நாத்தனாரைப் பற்றி ஏதோ சொல்ல, எதிர்ப் பரணிலிருந்து அந்த நாத்தனாரே பதில் சொன்னாள். பெட்டி நிறைந்தது.

அர்த்தனாரி பரண் மேல் ஏறினார். பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்தார். கொக்கியை விட இப்போது இந்தக் கிழவரின் வாய்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"புல்லு மாறிக் கெடக்குதே" என்றார்.

"ஆருங்க மாத்தி வெச்சது?" என்றாள் பொன்னாயி, ஒன்றும் தெரியாதவள் போல.

அவர் மேட்டுப் பரணைக் கேட்டார். "நாங்க மொறைப்படிதானுங்க வெச்சோம்." பள்ளத்துப் பரணைக் கேட்டார். "நாங்களும் மொறைப்படிதானுங்க." ஒருத்தியை வைத்துக் காட்டச் சொன்னார். வைத்தாள். தூர் அவள் பக்கம். எதிரே இருந்தவளை வைக்கச் சொன்னார். அவளும் அப்படியே.

அர்த்தனாரி மீசையைத் தடவிக்கொண்டார். அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பின் நிழல் வந்தது. "வெச்சவங்களத்தான் நான் கேக்க முடியும். பொட்டியக் கேக்க முடியாது" என்று சொல்லிக் கீழே இறங்கினார். "திருகுங்கடா."

செங்கோடன் தடியைப் போட்டான். இந்த முறை வாயை நன்றாக மூடிக்கொண்டான். உருளை கடகடத்தது. பலகை இறங்கியது. போன முறை கொக்கி முறிந்த இடத்தைத் தாண்டியது. சங்கிலிகள் இரண்டும் ஒரே மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. மாதம்மாள் ஒரு குச்சியால் முதலில் மேட்டுச் சங்கிலியைத் தட்டினாள், பிறகு பள்ளத்துச் சங்கிலியை. இரண்டும் ஒரே சத்தம் கொடுத்தன. இதற்கு முன்பு இப்படித் தட்டிப் பார்க்க ஏன் தோன்றவில்லை என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

புல்கட்டை வெளியே எடுத்துக் கிடைமரத்தில் வைத்தார்கள். அது அசையாமல் கிடந்தது. சின்னுசாமி, "இனி என் கழுதைக்குப் பொழப்பு சுளுவாப் போச்சு" என்றான். காண்ட்ராக்டர் ஆள் தன்னுடன் வந்தவர்களைத் திரும்பிப் போகச் சொன்னான்.

இறங்கப்போன சின்னுசாமியை மாதம்மாள் நிறுத்தினாள். "கீழ சலாம் பாய் ஊட்டுல, அவரு சம்சாரம் ஜொஹ்ராகிட்ட ஒரு சேதி சொல்லோணும். இரும்பு நல்ல இரும்புதான். ரெண்டு பக்கமும் நின்னு புல்லு வெச்சாப் போதும்னு சொல்லு. அவருக்குக் காயிதம் போட்டா அதையும் சேத்து எழுதச் சொல்லு." சின்னுசாமி அதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

சேதி போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. மெசின் ஓடியது. பரணில் நிற்பதற்கு வாசலூர்பட்டியிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். தேய்ந்த உருளைக் கட்டைக்குப் பதிலாகப் பலாக்கட்டையில் புதிதாகச் செய்து போட்டாள்; அது வெடித்தது; பிறகு வேங்கையில் செய்து போட்டாள்; அது நின்றது. சண்டை முடிந்ததும் காண்ட்ராக்டர் புல் கேட்பதை நிறுத்திவிட்டார். அத்தனை இரும்பை மலையிலிருந்து இறக்குகிற கூலி அதன் விலையை விட அதிகம் என்று அதை அங்கேயே விட்டுவிட்டார். மெசின் இந்த மண்ணில் இருக்கிற வரைக்கும் என்பதுதானே தீர்ப்பு? மாதம்மாள் மாதம் தவறாமல் ஆமணக்கெண்ணெய் போட்டாள். ஊர்க்காரர்கள் தங்கள் சாமை வைக்கோலைக் கொண்டுவந்து அமுக்கிக்கொண்டு போனார்கள். பெரக்கரையிலிருந்து ஒருமுறை ஆள் வந்து கேட்டபோது அர்த்தனாரி அவரைக் கூட்டிப்போய், துருவேறாமல் பளபளக்கிற சங்கிலியைக் காட்டி அனுப்பினார். அடுத்த தையில் அவள் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவள் நல்ல அமைதியான பெண் என்று சொன்னார்கள்.

சலாம் இறங்கிப்போன நாலாம் வருஷம், விய வருஷத்து ஆடியில், மிளகு விலை பேசி முடிக்க மலையேறிய அப்பாஸ் அலி மெசினைத் தேடிக்கொண்டு வந்தார். சலாமின் சித்தப்பா மகன். அடிவாரத்தில் கடை வைத்திருக்கிறவர். மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்து, மாதம்மாள் கொடுத்த மோரைக் குடித்தார்.

"எங்கண்ணன் இன்னும் வடக்கதான் இருக்கான். வேலையில வெச்சுக்கிட்டாங்க. காயிதம் வந்துச்சு. பாதிக் காயிதம் உனக்குத்தான். ஊட்டுக்காரிக்கு நாலு வரி, உனக்குப் பாதிக் காயிதம்! ஜொஹ்ரா தலையில அடிச்சுக்கிட்டா." அவர் கண்ணை மூடி, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

"அம்மிணிக்குச் சொல்லவும். நீ சொன்னது ரெண்டு வருசம் கழிச்சுத்தான் எனக்குக் கெடச்சுது. இங்க எல்லா மெசினுக்கும் ரெண்டு பக்கமும் ஆள் நிறுத்திட்டேன். அன்னையிலிருந்து ஒரு கொக்கிகூட முறியல. ஆனா இப்பப் பலகை நடுவுல வளையுது. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாப் பலகையும், சரியா நட்ட நடுவுல. நான் இரும்பு மேல பழி போடல. ஏன்னு உனக்கு ஏதாச்சும் தோணுதா?"